மண்டையோட்டை வரைந்தவர் யார்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரை: பெயர் தெரியாத பொதுத்துறை வடிவமைப்பாளர்களின் வேலையும் நிலையும்

வடசென்னையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு மண்டையோடு கண்ணில் படும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் தொங்கும். துணைமின் நிலையத்தின் கம்பிவேலியில் இருக்கும். துறைமுக மதிலை ஒட்டிய மின்பெட்டியிலும் இருக்கும். வெள்ளைத் தகட்டில் சிவப்பு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, ‘அபாயம்’ என்ற சொல், எத்தனை வோல்ட் என்ற எண். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் அது புரியும், பம்பரம் விடுகிற பையனுக்கும் புரியும். அந்தத் தகடு இல்லாமல் போயிருந்தால் எத்தனை கைகள் அந்தக் கம்பியைத் தொட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடக்காத விபத்துக்குக் கணக்கு ஏது?

அந்தத் தகடு தானாக வந்துவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35ஆவது விதி, உயர் மின்னழுத்தம் உள்ள இடங்களில் மண்டையோட்டுப் படத்துடன் நிரந்தரமான எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் போதாது, அந்த மாவட்டத்தின் மொழியிலும் எழுத வேண்டும் என்றது. ஐ.எஸ். 2551 என்ற இந்தியத் தரநிலை, தகட்டின் அளவையும் நிறத்தையும் வரையறுத்தது. பெரிய தகடு 250 மில்லிமீட்டருக்கு 200. வெள்ளை எனாமல் பூச்சின் மேல் சிவப்பு. இத்தகைய தரநிலை ஆவணங்களில் குழு உறுப்பினர்களின் பெயர்கள் அச்சாகும். பேனா பிடித்து வரைந்தவரின் பெயர் இருக்காது.

பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆளாவது இருக்கிறாரா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் வழியில் உள்ள பொதுத்துறை நிறுவனங்களை நினைத்துப் பாருங்கள். 1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகம். 1856-ல் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள். மணலியில் 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம், அடுத்த ஆண்டு வந்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். வடக்கே அனல்மின் நிலையங்கள், 2001-ல் செயல்படத் தொடங்கி இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர் துறைமுகம். இவ்வளவு பெட்ரோலும் அமிலமும் நிலக்கரியும் உயர் மின்னழுத்தமும் மனிதர் குடியிருப்புக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இடம் தமிழ்நாட்டில் அரிது. இங்கே ஒரு பலகையைச் சரியாக வரைவது, பாய்லரின் பாதுகாப்பு வால்வைச் சரியாகப் பொருத்துவதற்குச் சமமான வேலை. வால்வைப் பொருத்துகிறவருக்குச் சான்றிதழ் கேட்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம், நிரந்தர வேலை கொடுக்கிறோம். பலகையை வரைகிறவரை டெண்டரில் தேடுகிறோம்.

கூண்டு ஏறும் நாள்

காசிமேட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு கூண்டு. “எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?” என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் படகைக் கட்டுவதா, கரையேற்றுவதா என்று முடிவு செய்வார்கள். தொலைக்காட்சியும் செய்தித்தாளும் அதே எண்ணைச் சொல்லும்: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.

அரசு வடிவமைப்பு என்றால் என்ன என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த உதாரணம் இந்தக் கூண்டுதான். 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அடுத்த ஆண்டே அங்குத் துறைமுக எச்சரிக்கை முறை வந்தது. 1898-ல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான குறியீடு வகுக்கப்பட்டது. கொடிமரத்தில் ஏற்றுவது இரண்டே வடிவங்கள்: கூம்பும் உருளையும். எது மேலே, எது கீழே, கூம்பின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மாற்றி மாற்றியே எச்சரிக்கைகளைச் சொல்லிவிடலாம். இருட்டினால் அதே கம்பத்தில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

இதில் உள்ள அறிவைக் கவனிக்க வேண்டும். பகலில் நிறத்தை நம்பவில்லை. மழை இருட்டில், கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு நிறம் தெரியாது. வானத்தின் பின்னணியில் கருநிழலாக வடிவம் மட்டும் தெரியும். எழுத்தையும் நம்பவில்லை. தமிழ் மீனவரும் தெலுங்கு மீனவரும் கிரேக்கக் கப்பல் மாலுமியும் ஒரே கம்பத்தைப் பார்த்து ஒரே செய்தியைப் படிக்கலாம். செய்தியும் வெறும் ‘ஜாக்கிரதை’யுடன் நிற்கவில்லை. ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் இருக்கும் ஆபத்து. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடியது. ஐந்தாம் எண் என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். ஆறு என்றால் வலப்பக்கம். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. எட்டு, ஒன்பது, பத்து இதே மூன்றையும் கடும்புயலுக்குச் சொல்பவை. பதினொன்று வந்தால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, உங்கள் உயிரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

நூறு ஆண்டு தாண்டியும் இது நிற்கிறது. ஆனால் கூண்டின் எண் ஊருக்கெல்லாம் தெரிகிற அளவுக்கு அதன் பொருள் தெரிவதில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் ஆபத்தின் அளவில் வித்தியாசமில்லை, திசையில்தான் வித்தியாசம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? இதை ஒரு நல்ல படமாக வரைந்து, ராயபுரம் முதல் பழவேற்காடு வரை ஒவ்வொரு குப்பத்தின் ஏலக்கூடத்திலும் வைப்பது ஒரு வடிவமைப்பாளரின் ஒரு மாத வேலை. அந்த ஒரு மாதத்தைச் செலவிட ஓர் ஆள் வேண்டும்.

மேசையில் ஓர் ஆண்டு

பொதுத்துறை நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளரின் ஆண்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஜனவரியில் காலண்டரும் டைரியும், குடியரசு தின மேடைப் பின்திரையும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அந்த வாரம் முழுக்கப் போஸ்டரும் உறுதிமொழி அட்டையும். ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம், துறைமுகங்களுக்குத் திருவிழா. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். அதற்குள் ஆண்டறிக்கை வேலை தொடங்கிவிடும். பங்குதாரர் கூட்டத்துக்கு முன் நூற்றுக்கணக்கான பக்கங்கள், அட்டவணைகள், இயக்குநர்களின் புகைப்படங்கள். செப்டம்பர் 14-ல் இந்தி தினம். அக்டோபர் இறுதியில் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம். நடுவில் எந்த நாளும், “நாளைக்கு மினிஸ்டர் வர்றார், கேட்ல பேனர் வேணும்” என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அழைப்பு வரலாம்.

இந்த வேலைக்கும் தனி நுணுக்கம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசு விளம்பரத்தில் யார் படம் வரலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. 2015 மே மாதம், குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டும் போதும் என்றது நீதிமன்றம். 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களையும் அனுமதித்தது. தேசியச் சின்னத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதற்கு 2005ஆம் ஆண்டின் தனிச் சட்டம். இவை தெரியாமல் ஒரு வரவேற்புப் பலகை செய்தால், விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வரும்.

உண்மையான சோதனை எழுத்தில்தான். மத்திய அரசு நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் வர வேண்டும், மூன்றும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ‘திருவொற்றியூர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் எல்லாம் ஒரே உயரம், ஒரே கோடு. தமிழில் ‘தி’க்கு மேலே விசிறி, ‘ரு’வுக்குக் கீழே வால், ‘வொ’வுக்கு இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் காலும், ‘யூ’வுக்கு மறுபடி கீழே சுழி. மேலும் கீழும் இடம் விட்டால்தான் எழுத்து மூச்சுவிடும். ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த பட்டைக்குள் இதைத் திணித்தால் தமிழ் குட்டையாகி, தூரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் மூன்றும் சமம். கண்ணால் பார்த்தால் தமிழ் தோற்றிருக்கும். ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ போன்ற நீளமான எச்சரிக்கைகளில் இது இன்னும் மோசம். தமிழ் எழுத்தின் உடம்பு தெரிந்த ஒருவர், பலகையின் அளவையே முதலில் தமிழுக்காக முடிவு செய்து, பிறகு மற்ற இரண்டையும் அதில் அமர்த்துவார். தெரியாதவர் முதலில் ஆங்கிலத்தை வைப்பார், மீதி இடத்தில் தமிழ்.

கணினியில் வேறொரு தலைவலி. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பல்லாண்டு காலம் வெவ்வேறு குறியேற்றங்களில் எழுத்துருக்கள் புழங்கின. அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ இருந்தது, டிடிபி கடைகளில் வேறு பல. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில்தான் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக அரசு அறிவித்தது. அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே இருக்கின்றன. அவற்றைப் புதிய மென்பொருளில் திறந்தால் எழுத்து உடையும். கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில். இன்டிசைன் போன்ற செயலியில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினாலும் இதே கதிதான். தமிழ் படிக்கத் தெரியாதவர் கணினி முன் இருந்தால் உடைந்த எழுத்து அப்படியே ஃபிளெக்ஸில் ஏறிவிடும். கல்யாண பேனரில் இப்படி ஏறினால் நாலு பேர் சிரிப்பார்கள். அமிலக் கிடங்கின் வாசலில் ஏறினால்?

ஓவியர்களை வைத்திருந்த அரசு

இந்திய அரசு ஒரு காலத்தில் ஓவியர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அதை மறந்துவிட்டோம்.

தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்றொரு வரைவாளர் இருந்தார். எழுத்தறிவு இல்லாத வாக்காளரும் ஒரே பார்வையில் அடையாளம் காண வேண்டும், மங்கலான அச்சிலும் குழப்பம் வரக்கூடாது என்ற நோக்கத்தில் சைக்கிளும் சீப்பும் விளக்கும் அவர் பென்சில் முனையில் உருவாயின. 1992-ல் ஓய்வு பெற்றார். அவர் வரைந்த சின்னங்களுக்கு இன்றும் ராயபுரம் தொகுதியில் வாக்கு விழுகிறது.

1950களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள், ஓவியர்களை வடிவமைப்பாளர்களாக வேலைக்கு எடுத்தன. சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த எம். ரெட்டப்ப நாயுடுவும் கே.எம். ஆதிமூலமும் அங்கே வேலை பார்த்தவர்கள். பிற்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்பெழுத்துகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் புதிய உருவம் கொடுத்தவர் ஆதிமூலம். மத்திய விளம்பர இயக்ககமாக இருந்த டிஏவிபி 1955-ல் தனி அலுவலகமாகி, தனக்கென ஓவியர்களை வைத்துக்கொண்டது. நம் மாநில அரசின் கோபுரச் சின்னத்தை வரைந்த ஆர். கிருஷ்ணா ராவும் அரசு ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர். 2010 ஜூலையில் ரூபாய்க்குக் குறியீடு தந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர்.

இவற்றை எல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சாதாரண விதி. மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டுமென்றால் இன்னின்ன பணியிடங்கள் இருக்க வேண்டும் என்று பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் பட்டியல் போட்டிருந்தது. பேராசிரியர், செவிலியர், ஆய்வக உதவியாளர் ஆகியோருடன் அந்தப் பட்டியலில் ஓவியர் உண்டு, மாதிரி செய்பவர் உண்டு, புகைப்படக்காரர் உண்டு. ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கும் இதுதான் விதியாக இருந்தது. நரம்பு எங்கே போகிறது என்று தவறாக வரைந்தால் நாளை ஒரு டாக்டரின் கத்தி தவறான இடத்தில் இறங்கும் என்பது மருத்துவக் கல்வியை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்ரோலியக் கிடங்குக்கோ உரத் தொழிற்சாலைக்கோ துறைமுகத்துக்கோ இப்படியொரு பணியிட விதியை நான் பார்த்ததில்லை. தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்வதற்குத் தேர்ந்த ஆளை வை என்று சொல்லவில்லை.

இன்றைய நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிரந்தரப் பணியிடம் காலியானால் நிரப்புவதில்லை. ஏஜென்சி வழியாக ஒப்பந்த ஆள் வருவார். 2016-ல் தொடங்கிய ஜெம் என்ற அரசு இணையச் சந்தையில் நாற்காலி, மேசையைப் போலவே மனித உழைப்பையும் விலைப்புள்ளி கேட்டு வாங்கலாம். எவர் குறைவாகச் சொல்கிறாரோ அவர் ‘எல் ஒன்’; வேலை அவருக்கு. ஏஜென்சி மாறினால் ஆள் மாறுவார், ஆள் மாறினால் அவர் கணினியில் வைத்திருந்த கோப்பும் போகும். மூன்று ஆண்டுக்கு முன் எந்தப் பலகையை எந்தக் கதவில் வைத்தோம், எழுத்தின் அளவு என்ன, மங்கியதை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை. ஃபிட்டருக்கு இயந்திரத்தின் வரலாறு தெரியும். பலகைக்கு வரலாறே கிடையாது.

ஒப்பந்த வடிவமைப்பாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் ஓவியக் கல்லூரியிலும் விஷுவல் கம்யூனிகேஷனிலும் படித்த, கை தேர்ந்த பிள்ளைகள். பிறந்தநாள் வாழ்த்து பேனருக்கும் அமிலத் தொட்டி எச்சரிக்கைக்கும் ஒரே நேரம், ஒரே கூலி, ஒரே மரியாதை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

டேங்கரின் பின்பக்கம்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் டேங்கருக்குப் பின்னால் வண்டி ஓட்டாதவர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார். அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கட்டம் போட்டிருக்கும். 1203 என்றிருந்தால் பெட்ரோல். 1202 டீசல். 1075 சமையல் எரிவாயு. 1005 அம்மோனியா. 1017 குளோரின். இவை ஐ.நா. கொடுத்த எண்கள், உலகம் முழுக்க ஒன்றே. பக்கத்தில் சாய்சதுர முத்திரை, தீயா நஞ்சா அரிப்பா என்று படத்தால் சொல்வது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134ஆவது விதி இந்தக் கட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் வகுத்திருக்கிறது. பொருளின் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், ஐ.நா. எண் 100 மில்லிமீட்டர். முத்திரை 250 மில்லிமீட்டர் சதுரம். அவசரத் தொலைபேசி எண் 50 மில்லிமீட்டர். வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் இருக்க வேண்டும். விதியை எழுதியவர் கையில் அளவுகோல் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். விபத்து நடந்தால் முதலில் ஓடி வரும் தீயணைப்பு வீரர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா என்று முடிவெடுப்பார்.

ஆனால் தீயணைப்பு வண்டி வருவதற்கு முன் அங்கே இருப்பது டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும். பொருளின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எண் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோதுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015-ல் பறிமுதலான சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் கிடப்பது ஊருக்கே தெரிந்தது. பிறகு அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து ஆண்டு! அந்தச் சரக்குக்கு உரிய மஞ்சள் முத்திரை, வட்டத்தின் மேல் தீ எரியும் படம், சுங்கத்துறைக்குத் தெரியும், கப்பல் ஏஜென்டுக்குத் தெரியும். மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்குத் தெரியாது.

2023 டிசம்பர் 26 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே தனியார் உர ஆலைக்குக் கடலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரமும் வீடுகளும் கறுத்துப்போயிருந்தன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையொதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளியவர்களும் இதே கரையோரத்து மக்கள்தான்.

அம்மோனியா கசிந்தால் என்ன செய்ய வேண்டும்? ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு பலகையில் வரைந்து பாருங்கள், வேலையின் கஷ்டம் புரியும். தீ விபத்துக்கு அம்புக்குறி போட்டு ‘இந்தப் பக்கம் ஓடு’ என்று சொல்லிவிடலாம். கதவு இடம் மாறாது. வாயுவுக்கு நிலையான அம்புக்குறி கிடையாது. எண்ணூரில் கோடைப் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். இரவில் தரைக்காற்று மேற்கிலிருந்து. வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து. குப்பத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே ஆலைகள், வடக்கே முகத்துவாரம். ஆகவே அந்தப் பலகையில் குப்பத்தின் வரைபடம் வேண்டும். காற்றுத் திசையைக் காட்டும் துணிப்பை ஒன்று, தெருவிலிருந்தே தெரியும்படி, இரவில் விளக்குடன் பக்கத்தில் பறக்க வேண்டும். பை இப்படிப் பறந்தால் இந்த இடம், அப்படிப் பறந்தால் அந்த இடம் என்று இரண்டு கூடுமிடங்கள் இரண்டு நிறத்தில் இருக்க வேண்டும். வாயு கசியும்போது அடிக்கும் சங்கின் ஒலி எப்படி இருக்கும் என்பதும் படமாக வேண்டும். உப்புக்காற்றில் ஃபிளெக்ஸ் தாங்காது, எனாமல் தகடுதான் நிற்கும்.

அளவுக்கும் கணக்கு இருக்கிறது. பாதுகாப்புப் பலகைகளின் அளவுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: பார்க்க வேண்டிய தூரத்தை மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 2000ஆல் வகுத்தால், பலகை குறைந்தது எத்தனை சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று வரும். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் 0.45 சதுர மீட்டர். அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். நாம் முதலில் பார்த்த மண்டையோட்டுத் தகடு இந்தக் கணக்குப்படி பத்து மீட்டருக்குத்தான் போதும். கம்பத்துக்கு அது சரி. ஒரு குப்பத்தையே நகர்த்த வேண்டிய பலகைக்கு அது போதாது.

அவசர வாசல்களில் நாம் பார்க்கும் பச்சை நிற ‘ஓடும் மனிதன்’ படம், ஜப்பானில் உயிர்களைக் குடித்த தீ விபத்துகளுக்குப் பிறகு அந்நாட்டுத் தீயணைப்புத் துறை 1970களின் இறுதியில் நடத்திய போட்டியிலிருந்து பிறந்தது. யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் அதற்கு முழு உருவம் கொடுத்தார். புகைக்குள் வைத்துப் பார்த்தார்கள், தெரிகிறதா என்று சோதித்தார்கள், பிறகுதான் உலகத் தரமாயிற்று. எண்ணூருக்கான பலகையையும் பெரியகுப்பத்துப் பெண்களிடமும் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகளிடமும் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு, புரியாததை அழித்துத் திரும்ப வரைய வேண்டும். ‘எல் ஒன்’ ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு எழுதிய சட்டங்கள் இதைத்தான் கேட்டன. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, ஆபத்துகளைத் தொழிலாளருக்கு மட்டுமின்றிச் சுற்றியுள்ள பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில் 15ஆவது விதி, பெரு விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. ஒரு கூட்டம் நடத்தி, நோட்டீஸ் கொடுத்து, கோப்பில் கையெழுத்து வாங்கி இந்த விதியை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். நள்ளிரவில் கண்ணெரிச்சலோடு எழுந்து ஓடுகிறவருக்கு அந்தக் கோப்பால் என்ன பயன்?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் கிடங்குகள், மின்நிலையங்கள் என வடசென்னையில் இருக்கும் ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் குறைந்தது ஒரு நிரந்தர வடிவமைப்பாளரை, தமிழ் எழுத்து தெரிந்தவராக, பாதுகாப்புப் பிரிவில் நியமிக்க வேண்டும். மக்கள் தொடர்புப் பிரிவில் வேண்டாம்; அங்கே போட்டால் பேனர் போடவே நாள் போய்விடும். மதிலுக்கு உள்ளே இருக்கும் பலகைகளுடன், மதிலுக்கு வெளியே குப்பத்தில் இருக்கும் பலகைகளும் அவர் பொறுப்பில் இருக்க வேண்டும். தனியார் ஆலைகளுக்கும் இதையே உரிம நிபந்தனையாக்க மாநில அரசால் முடியும். அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது ஃபிட்டர், வெல்டர், பாய்லர் ஆபரேட்டர் என்ற வரிசையில் ‘பாதுகாப்பு வடிவமைப்பாளர் (தமிழ்)’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த வேலைக்குத் தகுதியான பிள்ளைகள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலுமே இருக்கிறார்கள்.